இரண்டு கதவு வண்டி

ஒரகடம்
9 பிப்ரவரி 2025

அருள்,

நேற்று ஃபோனை வைத்தது நான்தான். சிக்னல் போய்விட்டது என்று நீ உன் அம்மாவிடம் சொல்லியிருப்பாய். ஃபோனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் இனி எழுதலாம். நீயும் எழுது. வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுத் தப்பிக்காதே.

முதலில் வண்டி. அது சுலபமான விஷயம்.

நீ அனுப்பிய படத்தை ஸ்டுடியோவின் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். கூரையை மீட்டுவிட்டாய். டிரைவர் தலைக்கு மேல் தொடங்கி டிக்கி வரை ஒரே இழுப்பில் இறங்குகிறது. பட்டி பூசி மறைத்த மேடு எங்கேயும் தெரியவில்லை. நாங்கள் இங்கே புதுக் காருக்கு முதலில் களிமண்ணில் மாதிரி செய்கிறவர்கள், இப்படி ஒரு கோட்டுக்காக மாதக்கணக்கில் சண்டை போடுகிறோம். நீ உன் பட்டறையில் சுத்தியலால் தட்டியே கொண்டுவந்திருக்கிறாய். பொறாமையாக இருக்கிறது. ஆனால் பின்பக்கச் சின்னக் கண்ணாடியை ஏன் பீடிங் ரப்பர் வைத்து ஒரேயடியாக ஒட்டினாய்? அது கீலில் கொஞ்சம் வெளியே திறக்க வேண்டிய கண்ணாடி. இது இரண்டே கதவு வைத்த கூப்பே, பின்னால் கதவு கிடையாது. உட்காருகிறவருக்கு இருக்கிற ஒரே காற்று அதுதான். அதையும் அடைத்துவிட்டாய்.

இப்போது ஹோட்டல். பெண் பார்க்கிறதை தருமபுரியில் ஏதாவது ஓட்டலில் வைத்துக்கொள்ளலாம் என்று உன் பெரியப்பா சொன்னாராம். நீயும் சரி என்று தலையாட்டிவிட்டாயாம். எங்கள் வீட்டு முகவரி உனக்குத் தெரியாதா? பொம்மிடியில் இறங்கி, ரயில்வே கேட்டைத் தாண்டி, காலனியில் கேங்மேன் தங்கராஜ் வீடு எது என்றால் யாரும் காட்டுவார்கள். உன் வீட்டார் அந்த வீட்டுக்குள் வர வேண்டும். உட்கார வேண்டும். என் அம்மா சமைத்ததைச் சாப்பிட வேண்டும். இது நடக்கவில்லை என்றால் நமக்குக் கல்யாணம் நடக்காது.

மிரட்டவில்லை. முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

வெண்மதி


தொப்பூர்
16 பிப்ரவரி 2025

மதி,

உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர், "என்னாப்பா, கோர்ட்டு நோட்டீசா?" என்று கேட்டார். ஏறக்குறைய அதேதான் என்றேன்.

அந்தக் கீலை நான் தேடாத இடமில்லை. கணவாயில் அடிபட்டு இங்கே வருகிற வண்டிகள் எல்லாம் லாரியும் நாலு கதவுக் காரும்தான். ஜப்பானிலிருந்து சேலத்து மில்காரர் ஒருவர் எப்போதோ இறக்கிய கூப்பேக்கு நான் எங்கே போய்க் கீல் தேடுவது? அவர் பேரன் வண்டிக்குள் கோழி வளர்த்துக்கொண்டிருந்தான். நான் வாங்கும்போது எஞ்சினே இல்லை. பழைய காண்டசா காரின் எஞ்சின் ஒன்றைப் பிடித்துப் பொருத்தினேன். ஏற்றத்தில் லாரிகளைத் தாண்டும்போது அது போடுகிற சத்தத்தை நீ கேட்க வேண்டும்.

பெங்களூரில் பழைய கார் சேர்க்கிற ஆள் ஒருவர் படம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். உருவத்தை அரைமணி நேரம் புகழ்ந்தார். "எஞ்சின் நெம்பர் பாடி நெம்பரோட ஒத்துப் போவுதா?" என்றார். இல்லை என்றேன். உடனே குரல் மாறிவிட்டது. பாதி விலைகூட வராதாம். பெயின்ட் உரிந்து, துருப்பிடித்து, பிறந்தபோது இருந்த எஞ்சினோடு செத்துக் கிடந்தால் அதற்கு விலை அதிகமாம்.

நீ திட்டுவாய், ஆனாலும் சொல்கிறேன். எனக்குப் புதிய கூப்பேக்களும் பிடிக்கும். நாலு கதவு, சரிந்த கூரை, உயரமான சக்கரம். ஏசி இருக்கிறது, ஏர்பேக் இருக்கிறது, வேகத்தடையில் அடி இடிக்காது. அழகு கொஞ்சம் குறைந்தால் என்ன, குடும்பத்தோடு போகலாமே.

ஹோட்டல் விஷயம். அம்மா தயார். "அந்தப் பொண்ணு வந்தாதான் நீ நேரத்துக்குச் சோறு தின்னுவ" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெரியப்பாதான். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எதற்கும் அவர் வாய் திறக்க வேண்டும். ஆறு மாதம் முகம் கொடுக்காமல் இருந்தவர், இப்போதுதான் பார்க்கலாம் என்கிற அளவுக்கு வந்திருக்கிறார். ஹோட்டல் என்றால் யாருக்கும் சங்கடம் இருக்காது என்று நினைத்தேன். கோபப்படாதே.

அருள்


ஒரகடம்
23 பிப்ரவரி 2025

அருள்,

யாருக்கும் சங்கடம் இருக்காது என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு என்று யோசித்தாயா? ஹோட்டல் தம்ளரில் யார் தண்ணீர் ஊற்றியது என்று உன் பெரியப்பா கேட்கமாட்டார். எங்கள் வீட்டுத் தம்ளர் என்றால் கேட்பார். அந்த ஒரு தம்ளரைத் தாண்டத்தான் ஏசி ஹாலும் பஃபே சாப்பாடும். என் அப்பா அங்கே சலவைச் சட்டை போட்டு, வேறு யாரோ சமைத்த பிரியாணிக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். மாட்டார். நான் விடமாட்டேன்.

உன் பெங்களூர்க்காரரும் அவர் வகையறாவும் இங்கேயும் உண்டு. எங்கள் சீனியர் டிசைனர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார் ஊர்வலத்துக்குப் போவார். நம்பர் ஒத்துப்போகிறதா, முதல் ஓனர் யார், எந்தக் குடும்பம், கலப்பு உண்டா என்று அவர் விசாரிக்கும்போது கார் வாங்குகிறாரா, சம்பந்தம் பேசுகிறாரா என்று எனக்குச் சந்தேகம் வரும். ஓடாத வண்டிக்குக் கோடி கொடுப்பார்கள். ஓடுகிற வண்டியில் வேறு எஞ்சின் இருந்தால் மூக்கைப் பொத்துவார்கள். உன் வண்டி எனக்கு இந்தக் காரணத்துக்காகவே இன்னும் பிடிக்கிறது.

ஆனால் நாலு கதவு வைத்துவிட்டுக் கூப்பே என்று சொல்வதை ஒத்துக்கொள்ளமாட்டேன். நாங்களே அப்படி ஒன்றைத்தான் இப்போது செய்கிறோம். பக்கவாட்டில் இஸ்திரி போடாத சட்டை மாதிரி அத்தனை மடிப்பு. முகப்பு யாரையோ முறைக்கிறது. கூரை சரிவாக இருக்க வேண்டும், ஐந்து பேர் குடும்பமும் ஏற வேண்டும், முன்னாலிருந்து பார்த்தால் பெரிய ஜீப் மாதிரியும் தெரிய வேண்டும். எல்லாரையும் திருப்திப்படுத்தப் போய் ஒன்றாகவும் ஆகாமல் நிற்கிறது. உன்னை நினைத்துக்கொண்டுதான் செதுக்குகிறேன்.

இதைச் சிரிக்கத்தான் எழுதினேன். அடுத்ததைச் சிரிக்க எழுதவில்லை. நம் மாவட்டத்தில் இப்படிச் சேர்ந்தவர்களுக்கும் அவர்களுடைய தெருக்களுக்கும் என்ன நடந்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எங்கள் வீட்டில் பயப்படுகிறார்கள். பயந்துகொண்டே சம்மதித்திருக்கிறார்கள். அந்தப் பயத்துக்குப் பதிலாக உன் வீட்டார் எங்கள் வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும். வீட்டுக்கு வருகிறாயா இல்லையா? ஒரு வரி போதும்.

வெண்மதி


தொப்பூர்
12 மார்ச் 2025

மதி,

வருகிறோம். ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயிறு. அம்மா, பெரியப்பா, நான்.

பாதிச் செய்திதான் நல்ல செய்தி. மீதியையும் எழுதிவிடுகிறேன். பெரியப்பாவின் கழனிக்குப் போய்ப் பேசினேன். ஹோட்டல் வேண்டாம், அவர்கள் வீட்டுக்கே போகலாம் என்று முதல் தடவையாக நேராகச் சொன்னேன். அவர் பம்புசெட் மோட்டாரை நிறுத்தவே இல்லை. தண்ணீர்ச் சத்தத்தில் நான் இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. கடைசியில், "தெரு வரைக்கும் வரேன்டா. வூட்டுக்குள்ள காலு வெக்கமாட்டேன். வண்டியிலயே குந்தியிருக்கறேன், நீயும் உங்கம்மாவும் பேசிட்டு வாங்க" என்றார்.

நம் கூப்பேயில்தான் வருவாராம். "அவுங்க தெருவுல நம்ம மரியாத தெரியோணும் இல்ல?" என்கிறார். பின்சீட்டில்தான் உட்காருவாராம். அந்த வண்டியில் பின்சீட்டு பைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் போட்டது, முட்டி இடிக்கும், முன்னால் உட்காருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "முன்சீட்டு டிரைவருக்கும் கிளீனருக்கும்டா. மொதலாளி எங்க குந்துவாரு? உனக்கு வண்டியத் தட்டத் தெரியும், குந்தத் தெரியாது" என்றார். அவர் டிராக்டரிலும் வாடகைக் காரிலும் போய்ப் பழகியவர். கார் என்றால் பின்சீட்டுதான் கௌரவம் என்பதை யாராலும் மாற்ற முடியாது.

அவர் வருவதே பெரிது என்று அம்மா சொல்கிறாள். நீ என்ன சொல்வாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். வரலாமா?

அருள்


ஒரகடம்
17 மார்ச் 2025

அருள்,

வாருங்கள்.

அவர் வண்டியில் உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டால் உட்காரட்டும். தெரு பொதுவானது. ஆனால் ஒன்று சொல்கிறேன், உன் அம்மாவிடமும் சொல்லிவிடு. அவருக்கு எங்கள் வீட்டிலிருந்து எதுவும் வண்டிக்கு வராது. காபி வராது, மோர் வராது, தட்டில் பழம் வராது. இத்தனை வருடம் உங்கள் வாசல்களில் எங்களை வெளியே நிற்கவைத்து ஊற்றினார்கள். இப்போது அவரை வெளியே உட்காரவைத்து நாங்களே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால், அதைவிடக் கேவலம் வேறு இல்லை. அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. தம்ளரை எடுத்தால் பிடுங்கி வைத்துவிடுவேன் என்று அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் இறங்கவில்லை என்றால், வந்ததற்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவோம். அதோடு முடிந்தது. நீ நல்லவன் என்பது அதில் எந்த மாற்றமும் செய்யாது.

வெண்மதி


ஒரகடம்
9 ஏப்ரல் 2025

அருள்,

நீ கூடத்தில் அப்பாவோடு தண்டவாளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். உன் அம்மா எங்கள் அடுப்படியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் நடந்தது உனக்கு முழுக்கத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. அம்மா அன்று ராத்திரி சிரித்துச் சிரித்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

நீயும் உன் அம்மாவும் இறங்கி, நாலு கதவு வண்டியில் செய்கிற மாதிரியே இரண்டு கதவையும் சாத்திவிட்டு உள்ளே வந்துவிட்டீர்கள். பெரியப்பா பின்னால். அவர் இறங்க மடிய வேண்டிய முன்சீட்டுகள் நிமிர்ந்து நிற்கின்றன. பின்கண்ணாடி நீ ஒட்டியது. முன்னால் உன் அம்மா பக்கத்துக் கண்ணாடி மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏப்ரல் வெயில். அவர் முதலில் வேட்டியால் விசிறியிருக்கிறார். பிறகு சீட்டைத் தள்ளியிருக்கிறார். அது மடிகிற லிவர் அடியில் இருக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டு ராமக்காள் வாசல் பெருக்குகிற சாக்கில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அம்மா கறிவேப்பிலை பறிக்க வெளியே போனாள். கையில் தம்ளர் இல்லை, நான் பார்த்தேன். வண்டிக்குள்ளிருந்து, "ஏம்மா, இந்தக் கதவக் கொஞ்சம் தொறங்க" என்று குரல்.

அம்மா திறந்தாள். "எறங்குங்க."

"எப்புடி எறங்கறது? சீட்டு மறிக்குது."

"இருங்க, பையனக் கூப்புடறன்."

"வேணாம் வேணாம். அவன் முன்னாலயே சொன்னான். இப்ப சிரிப்பான்."

இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் சீட்டைத் தடவியிருக்கிறார்கள், அமுக்கியிருக்கிறார்கள். அம்மா ஏதோ ஒன்றை இழுத்திருக்கிறாள், சீட்டு முழுக்கப் பின்னால் சாய்ந்து அவர் முட்டியில் விழுந்திருக்கிறது. கடைசியில் அது எப்படியோ முன்னால் மடிந்தது. அம்மா, "கையக் குடுங்க" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்தாராம். யோசித்துவிட்டுக் கொடுத்தார். ஒரு கால் வெளியே, ஒரு கால் பெல்ட்டில் சிக்கி. அம்மா இரண்டு கையாலும் பிடித்து இழுத்திருக்கிறாள். ராமக்காள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்து முதுகைத் தாங்கியிருக்கிறாள்.

இறங்கியாகிவிட்டது. தெருவில் வேர்த்து ஒழுக நிற்கிறார். அம்மா, "வெயில்ல நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்தாள். அவர் பின்னாலேயே வந்தார். மற்றது உனக்கே தெரியும். ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தார். அவராகக் கேட்டுத்தான் நான் தண்ணீர் கொடுத்தேன். பசியில்லை என்றார். களியும் கோழிக் குழம்பும் வந்த பிறகு பசித்தது. "கொழம்புல உப்பு கம்மி" என்றார். அம்மாவுக்கு அதில்தான் சந்தோஷம். விருந்தாளி குறை சொல்லமாட்டார்களாம், சொந்தக்காரர்கள்தான் சொல்வார்களாம்.

நானும் சிரித்தேன். தட்டு கழுவும்போது கோபம் வந்தது. அது நாலு கதவு வண்டியாக இருந்திருந்தால் அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றாட உட்கார்ந்திருப்பார். அவரை உள்ளே கொண்டுவந்தது வெயில். மனசு இல்லை. ஒரு தம்ளர் தண்ணீர் குடித்ததற்காக எங்கள் தெருவே பூரித்துப் போயிருக்கிறது, எனக்கு அது பொறுக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "எது இட்டாந்தா என்ன, வந்தாங்க இல்ல" என்றாள்.

சரி, வந்தார்கள். நான் சொன்னது நடந்தது. நான் வாக்கு மாறமாட்டேன். கல்யாணம் செய்துகொள்ளலாம்.

வெண்மதி


தொப்பூர்
16 ஏப்ரல் 2025

மதி,

கடைசி வரியை நாலு தடவை படித்தேன். சம்மதத்தைக்கூடத் திட்டுகிற மாதிரி எழுத உன்னால்தான் முடியும்.

திரும்பி வரும்போது பெரியப்பா நேராக முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அம்மா பின்னால். "என்ன மட்டும் அடைக்கிறீங்களே, நானு மனுசி இல்லியா?" என்று வழி நெடுக அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். "இந்த வண்டிய வித்துத் தொலைடா. பாக்கத்தான் லட்சணம்" என்றார் பெரியப்பா. அரைமணி நேரம் கழித்து, "ஆனா முன்னால குந்திப் பாத்தா ரோடு நல்லா தெரியுது" என்றார். ஊரில் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் தெரியுமா? வண்டி சூடாகிவிட்டதாம், அதனால் இறங்கினாராம். சாப்பிட்டதைப் பற்றி யாரும் கேட்பதற்கு இடமே கொடுப்பதில்லை.

பெங்களூர்க்காரர் நேரிலேயே வந்தார். கூரையைத் தடவிப் பார்த்தார். மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். பழைய எஞ்சினை எங்கிருந்தாவது தேடிப் போட்டால் நான் கேட்கிற விலை தருவாராம். இதுதான் இதன் எஞ்சின் என்றேன். விற்பதாக இல்லை.

கல்யாணத்தை ஜூன் எட்டாம் தேதி வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்கிறாள். தருமபுரியில் மண்டபம் பார்த்துவிட்டேன். அங்கே பதிவும் செய்துகொள்ளலாம். பொம்மிடியிலிருந்து தருமபுரி போகிற வழியில்தான் எங்கள் ஊர், அதனால் எல்லாருக்கும் சௌகரியம். ஒரு சின்ன விஷயம். பெரியப்பா இரண்டு பஸ் பேசச் சொல்கிறார். உங்கள் ஆட்களுக்கு ஒன்று, எங்கள் ஆட்களுக்கு ஒன்று. "ஆளுக்கொரு பஸ்சுன்னா நெருக்கடி இருக்காது" என்கிறார். செலவு என்னுடையது. இதில் தப்பு ஒன்றும் இல்லையே? கேட்டுக்கொண்டே எழுதுகிறேன், தப்பு இருக்கிறது என்றும் தோன்றுகிறது.

அருள்


ஒரகடம்
22 ஏப்ரல் 2025

அருள்,

தோன்றுகிறது இல்லையா? அப்படியென்றால் என்னை ஏன் கேட்கிறாய்? ஹோட்டலுக்கும் நான் சொன்னேன், காபிக்கும் நான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நான் கத்த வேண்டும், நீ இடையில் நின்று இரண்டு பக்கமும் சிரிக்க வேண்டும் என்றால், அது கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான் இருக்கும். பஸ்ஸைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நீ முடிவு செய். முடிவு செய்த பிறகு எழுது.

இங்கே ஒரு செய்தி. எங்கள் நாலு கதவுக் கூப்பேயை மேலதிகாரிகளுக்குக் காட்டினார்கள். எல்லாரும் முகப்பைப் பற்றியே பேசினார்கள். நான் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன், கூரை தலையில் இடித்தது. அதைச் சொன்னேன். "பின்னால் உட்காருகிறவர் கார் வாங்குவதில்லை" என்றார் சீனியர். வாங்குகிறவரின் அம்மா உட்காருவார் என்றேன். கூரையைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லிவிட்டார்கள். கோடு கெட்டுப்போகும். எனக்கு அதில் வருத்தமும் இருக்கிறது, சந்தோஷமும் இருக்கிறது.

அழகான கூப்பே இரண்டு பேருக்குத்தான். அதில் நீயும் நானும் எங்காவது போவோம், வத்தல்மலை மேலே போவோம். யாரையும் ஏற்றிக்கொள்ள வேண்டாம். அது வேறு. கல்யாணம் வேறு.

வெண்மதி


தொப்பூர்
2 மே 2025

மதி,

ஒரு பஸ் பேசியிருக்கிறேன். நேற்று முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

காலையில் உங்கள் காலனியிலிருந்து கிளம்பும். உங்கள் ஆட்கள் முதலில் ஏறி, பிடித்த இடத்தில் உட்காருவார்கள். பிறகு எங்கள் ஊருக்கு வரும். அதற்குள் ஜன்னல் ஓரமெல்லாம் நிரம்பியிருக்கும். எங்கள் ஆட்கள் ஏறி, யார் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அங்கே உட்காரட்டும். டிரைவரிடம் சொல்லிவிட்டேன், யாரையும் எழுப்பி இடம் மாற்றக் கூடாது என்று.

பெரியப்பாவிடம் நேற்று சாயந்திரம் போய்ச் சொன்னேன். மோட்டாரை நானே நிறுத்திவிட்டுச் சொன்னேன். "ரெண்டு சொன்னனேடா?" என்றார். ஒன்றுதான் என்றேன். "எங்கிருந்து பொறப்படுது?" என்றார். சொன்னேன். "அப்ப நம்மாளுங்க நின்னுக்கினு வரணுமா?" என்றார். இடம் இருக்கும், பக்கத்தில் உட்காரத்தான் வேண்டும் என்றேன். மோட்டாரை மறுபடி போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அம்மா பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டாள். உன் அம்மாவுக்கும் அதே நிறத்தில் ஒன்று எடுத்திருக்கிறாள். இரண்டு பேரும் தினமும் ஃபோனில் பேசுகிறார்கள், என்னை அண்டவிடுவதில்லை.

பெரியப்பா ஏறுவாரா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. எட்டரை மணிக்கு பஸ் எங்கள் ஊர் ஆலமரத்தடியில் நிற்கும், அவருக்காகவும் கொஞ்ச நேரம் நிற்கும். அதற்கு மேல் நிற்காது என்று அவருக்கே சொல்லிவிட்டேன்.

அருள்